மார்க்கண்டு முதலாளியின் ஒன்றரை அடிச் சந்து

ஏழாம் அத்தியாயம்

நல்லூர் மார்க்கண்டு முதலாளியைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லக்கூடிய மனிதர் நல்லூர் முழுவதும் தேடினாலும் ஒருவர்தான் அகப்படுவார். அவர் மார்க்கண்டு முதலாளி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி. முதலாளி சாமியறைக்குள் பூசையில் இருந்தார். துப்பறிவாளர் அருளம்பலத்துக்கு விறாந்தையில் ஒரு கதிரை கிடைத்தது. அவர் அளவெட்டிச் சைவர். அவருடைய உதவியாளனான எனக்கு, அதாவது குருநகர்க் கத்தோலிக்கனான கிறிஸ்துநாயகத்துக்கு, முற்றத்தில் கிடந்த மர வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னார்கள். கால் மணி நேரம் மணியோசை கேட்டது. பிறகு நெற்றி நிறையத் திருநீற்றோடு முதலாளி வெளியே வந்தார். மரியாதைக்கு நான் எழும்பினேன். எழும்பின கையோடு அவர் வேலைக்காரிக்குக் கண்ணைக் காட்ட, அவள் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து நான் இருந்த வாங்கில் தெளித்தாள்.

"இன்னும் ரெண்டு தரம் இருந்து எழும்பினால் வாங்கு தளிர்விடும் அண்ணை," என்று நான் அருளம்பலத்தாரின் காதில் சொன்னேன்.

அருளம்பலத்தார் சிரிக்கவில்லை. செம்பைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார், முதலாளியின் நெற்றியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்கு உள்ளே எரிந்தது. ஆனால் நாங்கள் வந்தது என் மானத்தைக் காப்பாற்ற அல்ல. கனிசியஸைக் காப்பாற்ற.

வழக்கு இவ்வளவுதான். முதலாளியின் தம்பி இறந்து ஆறு வருடம். தம்பியின் ஒரே மகள் பத்மாசினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவளுடைய தாயின் அட்டியலும் பதக்கமும் காப்புகளும் பெரியப்பா மார்க்கண்டுவின் இரும்பறையில் இருந்தன. கல்யாணத்தன்று அவற்றை அவள் கையில் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. நேற்றுப் புதன்கிழமை விடியப் பார்த்தால் அறையின் இரும்புக் கதவு மேலே ஏறியிருந்தது. நகைப்பெட்டியைக் காணவில்லை. கதவடியில் ஒரு ஸ்பானர் கிடந்தது. அதன் பிடியில் சிறு சிலுவை ஒன்று வெட்டியிருந்தது.

குருநகரில் தன் வேலை ஆயுதங்கள் எல்லாவற்றிலும் சிலுவை வெட்டுகிறவன் இயந்திரம் பூட்டுகிற பிற்றர் கனிசியஸ் ஒருவன்தான். அந்தக் கதவுக்கு மூன்று மாதத்துக்கு முன் மோட்டர் பூட்டிக் கொடுத்தவனும் அவனே. பொலிஸ் அவனை மத்தியானத்துக்குள் பிடித்து அடைத்துவிட்டது. நாளைக்கு நீதவான் முன் நிறுத்தப் போகிறார்கள். பூட்டின வீடுகளுக்குள் போய் வேலை செய்கிறவன் மேல் கள்ளன் என்ற பெயர் ஒருநாள் ஒட்டினால் போதும், பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு கதவும் அவனுக்குத் திறக்காது. அவனுடைய பெண்சாதி யசிந்தா என் சின்னம்மாவின் மகள். நேற்றிரவு எங்களிடம் வந்தவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவர் பிள்ளையளைச் சந்தையிலை மறந்து விட்டிட்டு வந்தாலும் வருவார் அண்ணை. ஸ்பானரை மறந்து போட்டு வரமாட்டார்."

அருளம்பலத்தார் உடனே வழக்கை எடுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் சப் இன்ஸ்பெக்டரும் ஒரு பொலிஸ்காரரும் கனிசியஸைக் கை விலங்கோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள். களவு எப்படி நடந்தது என்று அவனைக்கொண்டே செய்து காட்டுவிக்கப் போகிறார்களாம். சப் இன்ஸ்பெக்டர் மானிப்பாய்க்காரர், நல்ல சைவர், அகப்பட்ட முதல் ஆளோடு விசாரணையை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவதில் கெட்டிக்காரர். எங்களைக் கண்டதும் அவர் முகம் புளித்தது.

முதலாளி எல்லோரையும் மண்டபத்துக்குள் விட்டார். எனக்கு வாசற்படியோடு நிற்கச் சொல்லி உத்தரவு. அங்கே நின்றே எல்லாவற்றையும் பார்த்தேன். சுவரோடு சுவராக ஒரு இரும்புப் பலகைக் கதவு, நேற்றிரவு டைனமோ ஓடினபோது திரும்ப இறக்கினதாம். அது பக்கவாட்டில் திறக்காது. மேலே ஏறும், கீழே இறங்கும். கதவோரம் நெஞ்சு மட்டத்தில் ஒரு இரும்பு உருளை, அதில் சுற்றிய சங்கிலி. உருளையைச் சுழற்ற ஒரு மின்சார மோட்டர். சுவிச்சுக்கு ஒரு பூட்டு, அதன் திறப்பு முதலாளியின் இடுப்பில். மின்சாரம் எடுக்க வீட்டு வளவின் பின்பக்கம் சொந்த எஞ்சினும் டைனமோவும். பின்னேரம் ஆறு மணி தொடங்கி இரவு ஒன்பது வரைக்கும் அது ஓடும். முதலாளி பணக்காரர் என்பதை ஒழுங்கையில் உள்ள வீடுகள் எல்லாம் தினமும் மூன்று மணி நேரம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை என்று முதலாளி மூன்று தரம் சொன்னார். தன் தம்பி மகள் களவு கொடுத்து நிற்கிற வீட்டில் கதவின் பெருமையைப் பேச அவருக்குக் கூசவில்லை. பத்மாசினி உள்வாசலில் நின்றாள். மெலிந்த பெண். பெரியப்பாவைப் பார்ப்பதும் நிலத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"மோட்டர் எங்கை?" என்று அருளம்பலத்தார் கேட்டார்.

அதுதான் அந்தக் கதவின் கதை. இரும்பறைக்கும் பக்கத்துச் சாமியறைக்கும் நடுவில் ஒரு சந்து, அகலம் ஒன்றரை அடி. உருளையின் தண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள்தான் நீட்டி நிற்கிறது. தண்டுக்கு நேராக மோட்டரை வைக்க மூன்றடி இடம் வேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஒரு தொப்பிக்காரத் துரை, சாமியறைச் சுவரை இடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். இடிக்கத் தேவையில்லை என்று சொன்னவன் கனிசியஸ். மோட்டரைச் சுவரோரமாக நீட்டிப் படுக்க வைக்கலாம், நடுவில் சுழற்சியை மூலைமட்டமாகத் திருப்பிக் கொடுக்கிற கியர்ப் பெட்டி ஒன்றைப் போட்டால் போதும் என்றான். அப்படி ஒரு பெட்டியைத் தேடிப்பிடித்து எடுப்பித்தவனும் அவன்தான்.

மூளை கனிசியஸினுடையது. அதை முதலாளி தாராளமாக உள்ளே விட்டார். காலைத்தான் விடவில்லை. ஏனென்றால் சந்தின் வாய் சாமியறைக்குள் இருந்தது, வேறு வழி கிடையாது. ஆகையால் கனிசியஸ் முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று இப்படிப் பூட்டுங்கோ அப்படிப் பூட்டுங்கோ என்று கத்த, முதலாளி முழுகி ஈர வேட்டியோடு சந்துக்குள் நுழைந்து பூட்டினாராம். சந்தின் வாய்க்கு ஒரு இரும்பு மூடி, அதற்கு நாலு நட்டு. கனிசியஸின் ஸ்பானரையும் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரில் முழுகவார்த்துத்தான் உள்ளே எடுத்தார்கள்.

"எல்லாம் என்ரை கையாலை பூட்டினது," என்றார் முதலாளி. "உவன்ரை நிழல் கூட என்ரை சாமியறையிலை விழேல்லை."

அருளம்பலத்தார் சப் இன்ஸ்பெக்டரிடமிருந்து அந்த ஸ்பானரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வாய் முழுவதும் துரு. துருவின் இடுக்கில் மஞ்சள். நான் கனிசியஸின் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு வந்ததும் அவன் ஆயுதங்களுக்கு எண்ணெய் பூசாமல் சாப்பிட உட்காரமாட்டான். வேலை முடிந்தபின் ஸ்பானரைத் திருப்பிக் கேட்டதாகவும், சாமியறைக்குள் போனது வெளியே வராது என்று முதலாளி சொன்னதாகவும் அவன் இப்போது சொன்னான். முதலாளி அது பொய் என்றார். துருவைக் கொண்டுபோய் நீதவானிடம் காட்ட முடியாது என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"சரி," என்றார் அருளம்பலத்தார். "டைனமோ ஒன்பது மணிக்கு நிண்டுபோச்சு. அதுக்குப் பிறகு உவன் கதவை எப்பிடித் தூக்கினவன்?"

அதற்கும் முதலாளியிடம் விடை தயாராக இருந்தது. சங்கிலி உருளையைக் கையால் சுழற்றினால் கதவு ஏறும். முற்றத்தில் வைத்து கனிசியஸ் ஒரு கையால் அந்த உருளையைப் பம்பரம் போலச் சுழற்றியதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தவராம்.

கனிசியஸ் முதல் தரமாக வாய் திறந்து, அது கியர்ப் பெட்டி பூட்டுமுன் என்றான். அவனை வாயை மூடச் சொன்னார்கள்.

அருளம்பலத்தார் பொலிஸ்காரரைக் கூப்பிட்டு உருளையைச் சுழற்றச் சொன்னார். பகல் நேரம், டைனமோ ஓடவில்லை. பொலிஸ்காரர் ஒரு கையால் முயன்றார், இரண்டு கையால் முயன்றார், பிறகு சங்கிலியைப் பிடித்துத் தொங்கினார். உருளை அசையவில்லை. சப் இன்ஸ்பெக்டர் அவரைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்தார். அவருடைய இடுப்புப் பட்டிதான் இளகியது. கடைசியில் முதலாளியும் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கொண்டு சேர்ந்தார். மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள். தேர் இழுக்கிற சனம் இன்னும் கொஞ்சம் வேண்டும்போல இருக்கிறது என்று நான் வாசலில் நின்று சொன்னேன்.

அருளம்பலத்தார் கனிசியஸைப் பார்த்துத் தலையாட்ட, அவன் சொன்னான்:

"உந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறது ஒரு திருகாணியும் ஒரு பல்லுச் சில்லும் ஐயா. திருகாணி சுத்தினால் சில்லுச் சுத்தும். சில்லைப் பிடிச்சு என்னதான் முறுக்கினாலும் திருகாணி சுத்தாது. தோட்டைப் பிடிச்சு இழுத்தால் காதுதானே கிழியும். சுரையைத் திருப்பினால்தான் கழரும். உருளை சில்லோடை, மோட்டர் திருகாணியோடை. கரண்டு இல்லாமல் பத்துப் பேர் வந்தாலும் கதவு ஏறாது. அதுக்காகத்தான் உதைத் தேடி எடுத்தனான். கள்ளனுக்குக் காவலாய் இருக்கட்டும் எண்டு."

மூன்று மாதமாக ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்த கதவு எப்படி வேலை செய்கிறது என்று முதலாளிக்கு இன்றைக்குத்தான் தெரியவந்தது. முட்டாளின் கையில் நல்ல சாமான் கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.

கரண்டு இல்லாமல் ஏறாது என்றால், கதவு ஏறியது ஒன்பது மணிக்கு முன். அருளம்பலத்தார் பத்மாசினியிடம் கேட்டார். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குப் பெரியப்பாவுக்குப் பால் கொண்டுவந்தபோது கதவு இறங்கித்தான் இருந்தது என்று அவள் சொன்னாள். எட்டிலிருந்து ஒன்பது வரை இந்த மண்டபத்தில் இருந்தது யார் என்று கேட்டார். பெரியப்பா, சாய்மனைக் கதிரையில், தனியே என்றாள். சுவிச்சின் திறப்பு யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. எல்லோரும் முதலாளியின் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். என் அவசரப் புத்தி. மார்க்கண்டு முதலாளி சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆறுதலாகச் சிரித்தார்.

"பெட்டியை இளக்கிவிட்டால் உருளை கையோடை சுத்தும்தானே?" என்று கனிசியஸையே கேட்டார்.

கனிசியஸ் உண்மை பேசுகிற மடையன். "ஓம், இளக்கினால் சுத்தும்," என்றான்.

சப் இன்ஸ்பெக்டரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இளக்க ஸ்பானர் வேண்டும், ஸ்பானர் கிடைத்திருக்கிறது. எந்த நட்டை இளக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் விலங்கோடு நிற்கிறான். நாங்கள் அரும்பாடுபட்டு நிரூபித்ததெல்லாம், இந்தக் களவைப் பிற்றர் ஒருவனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்பதைத்தான். யசிந்தாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அருளம்பலத்தாரின் மேலும் கோபம் வந்தது.

முதலாளி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பணக்காரருக்கு நிறுத்தத் தெரியாது. நேற்று விடியப் பூசைக்கு என்று சாமியறையைத் திறந்தபோது சந்தின் மூடி திறந்து கிடந்ததாகவும், நாலு நட்டும் சாமிப் படங்களுக்கு முன்னால் நிலத்தில் உருண்டு கிடந்ததாகவும் சொன்னார். கனிசியஸ் சாமியறை யன்னலால் வந்து, சந்துக்குள் நுழைந்து பெட்டியை இளக்கி, கதவைத் தூக்கி, அது விழாமல் இருக்கப் பெட்டியைத் திரும்ப இறுக்கிவிட்டு, மூடியை மட்டும் அப்படியே விட்டு ஓடியிருக்கிறான். பொலிஸ் சப்பாத்துக்கள் சாமியறைக்குள் வந்துவிடும் என்ற கூச்சத்தில்தான் இதை நேற்றே சொல்லவில்லையாம். மூடியைத் தானே திரும்பப் பூட்டினாராம்.

ஸ்பானர் கதவடியில் கிடந்ததே, எதைக் கொண்டு பூட்டினீர்கள் என்று கேட்க நான் வாயெடுத்தேன். அருளம்பலத்தார் கையைக் காட்டி அடக்கினார். அவருடைய குரல் திடீரென்று இனிமையாகிவிட்டது. அந்தக் குரல் வந்தால் யாருக்கோ கேடு என்று எனக்குத் தெரியும்.

"அப்ப உவன் உங்கடை சாமியறைக்குள்ளை வந்திருக்கிறான்."

"ஓம். வேறை வழி இல்லைத்தானே."

"நேற்று விடியவே அது உங்களுக்குத் தெரியும்."

"கண்ணாலை கண்டனான் எண்டுதானே சொல்லுறன்."

"கண்டு போட்டு என்ன செய்தனீங்கள்?"

"மூடியைப் பூட்டினனான். பூசையைச் செய்தனான். பிறகுதான் கதவைக் கண்டு பொலிசுக்கு ஆள் அனுப்பினது."

"இண்டைக்கும் பூசை செய்தனீங்கள். மணிச் சத்தம் கேட்டது."

முதலாளி ஓம் என்றார். அருளம்பலத்தார் சப் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, முதலாளியிடம் பேசினார்.

"என்ரை கிறிஸ்துநாயகம் இருந்த வாங்குக்கு ஒரு செம்பு மஞ்சள் தண்ணி. உவன் தொட்ட ஸ்பானருக்கு ஒரு வாளி. உவன் நடுச்சாமத்திலை ஏறி இறங்கின சாமியறைக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்லையோ, முதலாளி?"

முதலாளி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

சப் இன்ஸ்பெக்டர் சோம்பேறிதான். ஆனாலும் மானிப்பாய்ச் சைவர். அவருக்கு இதை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. குருநகரான் ஒருவன் சாமியறைக்குள் வந்து போனான் என்று மார்க்கண்டு முதலாளி உண்மையாகவே நம்பியிருந்தால், பொலிசுக்கு முன் ஐயருக்கல்லவா ஆள் போயிருக்கும். அறை கழுவி, கும்பம் வைத்து, புண்ணியாகவாசனம் முடியும்வரை அந்த மனிதர் ஒரு சூடம்கூடக் கொளுத்தியிருக்கமாட்டார். களவைப் பொறுத்தாலும் பொறுப்பார், தீட்டைப் பொறுக்கமாட்டார்.

தண்ணீர் தெளித்ததுதான், சொல்ல மறந்துவிட்டேன் என்றார் முதலாளி. குரலில் பழைய கனம் இல்லை. அப்போது உள்வாசலிலிருந்து பத்மாசினி பேசினாள்.

"தெளிக்கேல்லை. சாமியறைக்குத் தண்ணி அள்ளி வைக்கிறது நான். நேற்றுப் பூசைக்கு வைச்ச ஒரு செம்பைத் தவிர ஒண்டும் கேக்கேல்லை. ஐயரும் வரேல்லை. பெரியப்பா பூசை முடிச்சுப்போட்டு வந்து எனக்குத் திருநீறு பூசிவிட்டவர். நகை எப்பிடியும் கிடைக்கும், அழாதை எண்டும் சொன்னவர்."

நான் முதலாளியின் நெற்றி நிறைந்த திருநீற்றைப் பார்த்தேன்.

"அந்த அறைக்குள்ளை ஒருத்தரும் வரேல்லை எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும்," என்றார் அருளம்பலத்தார். "உங்களைத் தவிர. மூடியைக் கடைசியாப் பூட்டினதும் நீங்கள்தான், இப்ப நீங்களே சொன்னனீங்கள். அதைத் திறந்து பாப்பம்."

வீடு முழுவதும் சோதித்த பொலிஸ், சாமியறையை மட்டும் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போயிருந்தது. முதலாளி அதை நம்பித்தான் இருந்திருக்கிறார். இப்போதும் சாமியறை வாசலை மறித்துக்கொண்டு நின்று, சப்பாத்துப் போட்டவன் வரக்கூடாது, மீன் மச்சம் தின்றவன் வரக்கூடாது என்று அடுக்கத் தொடங்கினார். சப் இன்ஸ்பெக்டர் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று குனிந்தும் நிமிர்ந்தும் நின்றார். பத்மாசினி வந்து அருளம்பலத்தாரின் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டாள். பெரியப்பாவைக் கையால் விலக்கிவிட்டு உள்ளே போனாள். அவளைத் தடுக்க அவரிடம் ஒரு சாத்திரமும் இல்லை.

நாலு நட்டையும் கழற்ற நல்ல நேரம் எடுத்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் கிறீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு அவள் நகைப்பெட்டியோடு வந்தாள். மோட்டருக்குப் பின்னால் செருகிக் கிடந்ததாம். பெட்டி முழுவதும் கிறீஸ். பெரியப்பாவின் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவி, அதால் பெட்டியை மேலும் கீழும் நன்றாகத் துடைத்துவிட்டு, சால்வையை அவர் காலடியில் போட்டாள். முதலாளி குனிந்து அதை எடுத்தார். அப்போதும் அதை மடிக்கத்தான் பார்த்தார்.

சப் இன்ஸ்பெக்டர் கனிசியஸின் விலங்கைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவருடைய பயிற்சியில் இல்லை. முதலாளியைச் சட்டை மாற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்.

கனிசியஸ் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு தன் ஸ்பானருக்காகக் கையை நீட்டினான். பத்மாசினி அதை அவனிடம் கொடுத்தாள்.

"அண்ணை, மூடியை எனக்கு வடிவாய்ப் பூட்டத் தெரியேல்லை," என்றாள். "நீங்களே வந்து பூட்டி விடுங்கோ. உள்ளை வாங்கோ. இனி ஒருத்தரும் மறிக்க மாட்டினம்."

கனிசியஸ் சாமியறை வாசலைப் பார்த்தான். மூன்று மாதத்துக்கு முன் யன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றவன். அவன் போவான் என்றுதான் நான் நினைத்தேன். போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். அவன் ஸ்பானரின் துருவை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் தொங்கலில் துடைத்து மடியில் செருகிக்கொண்டான்.

"வேண்டாம் பிள்ளை, கோவிக்காதேங்கோ," என்றான். "உந்த அறைக்குள்ளை கால் வைச்சால், நான் போய் முழுகவேணும்."